நேர்த்திப் பிள்ளை

வாழ்க்கையில் இலக்கு வைப்பது எப்படி என்று இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று எங்கள் பங்குத்தந்தை கனிசியஸ் பாதர் தேடியிருக்கிறார். தேடித் தேடிக் கடைசியில் அவர் வந்து நின்றது என்னிடம். குருநகரில் இலக்கில்லாமல் திரிகிறவன் யார் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் என் வீட்டைத்தான் காட்டும். பாதர் தை மாதம்தான் மாற்றலாகி வந்தவர். அவருக்கு ஊர் இன்னும் பிடிபடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நான் அப்போது ஐஸ் ஆலையில் நின்றேன். அங்கேதான் வேலை. ஐஸ் கட்டியை இயந்திரத்தில் போட்டு நொறுக்கி மீன்பெட்டிகளுக்குக் கொடுக்க வேண்டும். காது அடைக்கிற சத்தம். பாதர் வெள்ளை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஈரத்தில் வழுக்காமல் நடந்து வந்தார்.

"ஜெரிசன், ஒரு நாள் தியானம் வைக்கிறம். நாற்பது பேர் வருவினம். காலமை ஒரு மணித்தியாலம் நீர் கதைச்சால் காணும். 'கிறிஸ்தவ விசுவாசமும் வாழ்க்கை இலக்கும்' எண்டு தலைப்பு."

"பாதர், என்னைப் பற்றி உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"சொன்னவை. அதுதான் வந்தனான்."

அவர் பகிடி விடுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. பின்னால் பெட்டியோடு நின்ற ஒருவர், "ரண்டு பாதர்மாரும் கதைச்சு முடியுங்கோ, மீன் பழுதாகப் போகுது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒன்பது வருஷம் குருமடத்தில் இருந்து, திருத்தொண்டர் பட்டத்துக்கு நாலு மாதம் இருக்கும்போது பெட்டியோடு திரும்பி வந்தவன் நான். வந்து இரண்டு வருஷமாகிவிட்டது. துறையில் எனக்கு இன்னும் பாதர் என்றுதான் பெயர். "பாதர், ஆசீர்வதிச்சு ரண்டு கட்டி போடுங்கோ" என்பார்கள். அவர்களிடம் கோபிக்க முடியாது. அவர்களாவது என்னோடு கதைக்கிறார்கள்.

ஏன் போனேன், ஏன் வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். போன கதை ஊருக்கே தெரியும். வந்த கதை ஒருவருக்கும் தெரியாது.

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு கார்த்திகை மாதம். எனக்கு ஆறு வயது. சண்டை நின்ற சமாதான காலம், மீன்பிடிக்கக் கடலைத் திறந்துவிட்டிருந்தார்கள். அப்பா சூசைதாசனும் பதினைந்து வயது அண்ணன் லெனாட்டும் போன படகு திரும்பவில்லை. காற்று மாறி அடித்தது. மூன்று நாள் எல்லாரும் தேடினார்கள். நாலாம் நாள் காலை அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினார். பீடத்துப் படியில் என்னை முழங்காலில் நிறுத்தி, என் தலையில் இரண்டு கையையும் வைத்து, "என்ரை மூத்தவனைத் திருப்பித் தாரும் ஆண்டவரே, இளையவனை உமக்கே குருவாத் தாறன்" என்று சத்தமாக நேர்ந்தார். படிக்கல் குளிர்ந்தது. எனக்குச் சலம் முட்டி, ஒன்றுக்குப் போக வேண்டும் போலிருந்தது. என் தேவ அழைத்தலைப் பற்றி எனக்குள்ள ஞாபகம் அவ்வளவுதான்.

அன்று மத்தியானமே நெடுந்தீவுக்காரர் படகைக் கண்டு இழுத்துவந்தார்கள். அண்ணன் உதடு வெடித்து, உயிரோடு கிடந்தான். அப்பா இல்லை. எஞ்சின் விசிறியில் சுற்றிய வலையை அறுக்க இரண்டாம் நாளே தண்ணீருக்குள் இறங்கியவர் மேலே வரவில்லை.

அழுதுகொண்டிருந்த அம்மாவை ஊர் தேற்றியது. கேட்ட பிள்ளையை ஆண்டவர் தந்துவிட்டார், அதைப் பார் றோஸ், என்றது. அன்றிலிருந்து நான் நேர்த்திப் பிள்ளை. மரத்தில் ஏறினால், "இறங்கு, இறங்கு, அது கோயில் சாமான்" என்று மாமிமார் கத்துவார்கள். கடலில் இறங்கவே விடமாட்டார்கள். குருநகரில் பிறந்து நீந்தத் தெரியாத ஒரே ஆண்பிள்ளை நானாகத்தான் இருப்பேன். பெரியவனானால் என்ன செய்யப்போகிறாய் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் கேட்பார்கள். என்னை ஒருவரும் கேட்டதில்லை. விடை தெரிந்த கேள்வியை யார் கேட்பார்கள்?

அண்ணன் பதினாலு வருஷத்துக்கு முன் பிரான்சுக்குப் போனான். இப்போது அங்கே இரண்டு பிள்ளையும் ஒரு தொப்பையுமாக இருக்கிறான். நான் அங்கி போட்ட நாளிலிருந்து அம்மா என்னை நீங்கள், வாங்கோ, போங்கோ என்று மரியாதையாகக் கூப்பிடத் தொடங்கினார். குருமடத்துப் பிரதர்மாரின் தாய்மார் எல்லாரும் அப்படித்தான். அங்கியைக் கழற்றி இரண்டு வருஷமாகியும் அம்மா அந்த மரியாதையை விடவில்லை.

இனி, வந்த கதை. ஏழாம் வருஷம் திருச்சபைச் சட்ட வகுப்பு. மத்தியானம் சாப்பிட்ட களையில் பாதிப்பேர் நித்திரை. விரிவுரையாளர் ஒரு வரியை வாசித்தார். நேர்ச்சை அதன் இயல்பிலேயே அதை நேர்ந்தவரை மட்டும்தான் கட்டும். வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். எனக்கு நித்திரை முறிந்தது. அம்மா நேர்ந்த நேர்ச்சை அம்மாவைத்தான் கட்டும், என்னைக் கட்டாது. பதினெட்டு வருஷமாக என் காலில் கிடந்த கயிறு முடியப்படவே இல்லை என்று அந்த மனுசன் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்.

அன்று பின்னேரம் சிற்றாலயத்தில் போய் இருந்தேன். சரி, அம்மா தந்தது செல்லாது, இப்போது நானே என்னைத் தருகிறேன் என்று சொல்லப் பார்த்தேன். சொல்ல வாய் வரவில்லை. தருவதற்கு உள்ளே யாராவது இருக்க வேண்டுமே. தேடிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. அம்மாவின் நேர்த்தி இருந்தது, அண்ணனின் உயிர் இருந்தது, ஊரின் சந்தோஷம் இருந்தது. நான் இருக்கவில்லை. இரண்டு வருஷம் தேடிவிட்டுக் குருமட அதிபரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனுசன். என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்து அனுப்பிவிட்டார்.

இந்தச் சட்டத்தை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் நான் தப்பிவிடுவேன், அம்மா தனியே மாட்டிக்கொள்வார். கொடுத்த வாக்கு அவருடையது, கொடுத்த பொருளோ திரும்பி வந்து குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறது.

அம்மாவைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய பாரம் என்று விளங்கும். அயல்வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் கறி வந்தால் அந்தக் கிண்ணத்தை அம்மா வெறுமையாகத் திருப்பி அனுப்பமாட்டார். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சீனியாவது போட்டு அனுப்புவார். இடம்பெயர்ந்து மரத்தின் கீழ் இருந்த காலத்தில்கூட, சோறு வந்த சட்டியில் நாலு புளியம்பழம் போட்டுக் கொடுத்தாராம். வாங்கினால் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாவிட்டால் வாங்கக்கூடாது. ஆண்டவரோடும் அம்மாவுக்கு அதே கிண்ணக் கணக்குத்தான்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர். அம்மா எனக்கு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, தட்டில் சாப்பாடு போட்டு மூடி வைப்பார். நான் சாப்பிட்டு முடியும்வரை குசினி வாசலில் நிற்பார். "நீங்களும் இருங்கோவன் அம்மா" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். "நான் பிறகு சாப்பிடுறன், நீங்கள் சாப்பிடுங்கோ." பெரிய மேசை, ஆறு கதிரை, ஒரு ஆள். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் யாரோ சிரிக்கிறது கேட்கும். அந்த நேரங்களில் எனக்கு எழும்பி எங்காவது ஓடிவிட வேண்டும் போலிருக்கும். எங்கே ஓடுவது என்றும் தெரியாது.

மாலையில் செபமாலை சொல்லுவோம். முடிவில் அம்மா மன்றாட்டுக்களைச் சொல்லுவார். முதல் மன்றாட்டு இரண்டு வருஷமாக ஒன்றுதான்.

"ஜெரிசனை எப்பிடியும் திருப்பி எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே. மூத்தவனிலை கை வையாதையும்."

அதற்கு நான் பக்கத்தில் இருந்துகொண்டு, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும், என்று பதில் சொல்ல வேண்டும். சொல்லுவேன். சொல்லாமல் விட்டால் அம்மா திரும்பிப் பார்ப்பார்.

மூத்தவன் இந்த ஆடி மாதத் திருநாளுக்குக் குடும்பத்தோடு வரப்போகிறேன் என்று பங்குனியிலேயே சொல்லிவிட்டான். பேரப்பிள்ளைகளை அம்மா தொலைபேசியில் மட்டும்தான் கண்டிருக்கிறார். அவர்கள் வருகிறார்கள் என்றால் துள்ளியல்லவா குதிக்க வேண்டும்? அம்மா தடுக்கத் தொடங்கினார். வெக்கை கூட, பிள்ளையளுக்கு ஒத்துவராது என்றார். டெங்கு பரவுது என்றார். வீட்டுக் கூரை திருத்த வேணும் என்றார். அண்ணன் வராமலிருக்க அம்மா சொல்லாத பொய் இல்லை. விமானம் கடலுக்கு மேலாலே வர வேண்டும். கொடுத்த பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டான், ஆகவே தந்த பிள்ளையை ஆண்டவர் வழியில் வைத்து எடுத்துக்கொள்வார். அம்மாவின் பயம் அதுதான். என்னிடம் அவர் அதை வாய்திறந்து சொல்லவில்லை. நான்தான் ஒவ்வொரு மாலையும் அதற்குப் பதில் சொல்கிறவனாயிற்றே, எனக்குத் தெரியாதா?

போன கிழமை அண்ணன் என்னோடு கதைத்தான். "டேய், அம்மாவுக்கு எங்களிலை ஏதும் கோவமோ? இந்தக் கிழமை ரிக்கற் போடாட்டி பேந்து விலை ஏறிடும். அம்மா ஓம் எண்டு சொல்லாமல் நான் வரமாட்டன்." பிரான்சில் எல்லாம் வாய்த்த என் அண்ணன், அம்மா வரச் சொல்லவில்லையே என்று அழுகிறான். அவனும் ஒரு நாள் இப்படி அழுதால் எனக்குச் சரியான சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருக்கவில்லை.

இப்படியிருக்கத்தான் கனிசியஸ் பாதர் இலக்கு பற்றிக் கதைக்கச் சொன்னார். முடியாது என்று சொல்லத் தெரியாமல் ஓம் என்றேன்.

ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டு நாற்பது பிரதி எடுத்தேன். முதல் கட்டம், கடவுளுக்கு. இரண்டாவது, குடும்பத்துக்கு. மூன்றாவது, எனக்கு. மாதிரிக்கு என் தாளையும் நிரப்பினேன். முதல் கட்டத்தில், நேர்மையாக வேலை செய்வேன் என்று எழுதினேன். இரண்டாவதில், அம்மாவைத் தனியே விடமாட்டேன். மூன்றாவதில் பேனையை வைத்தபடி அரைமணித்தியாலம் இருந்தேன். பேனை வைத்த இடத்தில் ஒரு பொட்டு ஊறியது, அவ்வளவுதான்.

தியானத்தன்று பங்கு மண்டபம் நிறைந்திருந்தது. பின் அறையில் மரியாயின் சேனைப் பெண்கள் தேத்தண்ணியும் ரோல்சும் ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அம்மாவும் அதில் ஒருவர். நான் கதைக்கிறதைக் கேட்க அம்மா வரமாட்டார் என்று நினைத்தேன். பீடத்தில் நின்று கதைக்க வேண்டியவன் மண்டபத்தில் நின்று கதைப்பதை எந்தத் தாய் பார்ப்பாள்?

என் பேச்சு நன்றாகத்தான் போனது. எனக்கே ஆச்சரியம். என்னவாக வரவேண்டும் என்று முதலில் கேளாதேங்கோ, ஆருக்காக இருக்கிறன் எண்டு கேளுங்கோ, என்றேன். ஆண்டவர் உங்களுக்கு என்ன தந்திருக்கிறார், உங்களைச் சுற்றி என்ன குறை இருக்கு, இரண்டும் சந்திக்கிற இடத்தைப் பாருங்கோ, என்றேன். "கடலுக்குப் போறவைக்குத் தெரியும், துறையை விட்டு வெளிக்கிடேக்கை மறுகரை தெரியாது. திசை தெரிஞ்சால் காணும். போகப் போகத் திருப்பலாம். திருப்பச் சொல்லி ஆண்டவர் சொன்னால் திருப்பத்தான் வேணும்." பின்வரிசைப் பெடியள்கூடத் தொலைபேசியை வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

பிறகு தாளை நிரப்பச் சொன்னேன். சுற்றி நடந்து பார்த்தேன். ஒருத்தி முதல் கட்டத்தில், ஞாயிறு பூசைக்குப் பிந்தாமல் வருவேன் என்று எழுதியிருந்தாள். ஒருவன் அம்மாவுக்குக் குசினி கட்டிக் கொடுப்பேன் என்று எழுதியிருந்தான். இன்னொருவன் மூன்று கட்டத்திலும் கனடா என்று எழுதிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அவனில் எனக்குப் பொறாமையாக இருந்தது.

முன்வரிசையில் டிலக்ஷி என்று ஒரு பிள்ளை. உயர்தரப் பரீட்சை எழுதப்போகிறவள், கண்ணில் ஒன்றும் தப்பாது. என் தாளை மேசையில் நான் திறந்தபடி விட்டிருந்தேன்.

"அண்ணை, உங்கடை மூண்டாவது கட்டம் ஏன் வெறுமையாக் கிடக்கு?"

மண்டபம் சிரித்தது. நானும் ஒரு பகிடியைச் சொல்லித் தப்பியிருக்கலாம். துறையில் தினமும் செய்கிறதுதானே. ஆனால் அவள் பகிடிக்குக் கேட்கவில்லை. பேனையைக் கையில் வைத்துக்கொண்டு உண்மையாகவே பதிலுக்காக இருந்தாள். அவளுடைய மூன்றாவது கட்டமும் வெறுமையாகத்தான் இருந்தது.

"என்ரை இலக்கை எனக்கு ஆறு வயசிலை அம்மா வைச்சவ" என்றேன். "நான் ஒரு நேர்த்திப் பிள்ளை. உங்கள் எல்லாருக்கும் தெரியும். குருமடத்திலை ஒரு நாள் ஒரு சட்டம் படிப்பிச்சவை. நேர்ச்சை, நேர்ந்த ஆளை மட்டும்தான் கட்டும். மற்ற ஆளைக் கட்டாது. அண்டைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது, என்ரை கட்டத்திலை நான் ஒரு நாளும் ஒண்டும் எழுதேல்லை எண்டு. அதுதான் விட்டிட்டு வந்தனான். இன்னும் எழுதத் தெரியேல்லை. நீங்கள் எழுதுங்கோ. அழிச்சு அழிச்செண்டாலும் நீங்களே எழுதுங்கோ."

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாத் தலைகளும் ஒரு பக்கம் திரும்பின. நானும் திரும்பினேன். பக்கவாசலில் அம்மா தேத்தண்ணிக் கேத்திலோடு நின்றார்.

அம்மா உள்ளே வந்து முன்வரிசையிலிருந்து ஒவ்வொருவருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். நாற்பது பேருக்கும் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார். எங்கே போனாலும் முதல் கோப்பை எனக்குத் தருகிறவர், அன்று எனக்குக் கடைசியாக ஊற்றினார்.

பின்னேரம் எல்லாரும் போன பிறகு நான் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். என் முன்னால் அம்மா கதிரையில் இருந்து எத்தனையோ வருஷம்.

"அந்தச் சட்டம் எவ்வளவு நாளாத் தெரியும்?"

"நாலு வருஷம் அம்மா."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நான் தப்பிடுவன். நீங்கள் மட்டும் மாட்டுப்படுவீங்கள்."

"நான் எப்பவோ மாட்டுப்பட்டனான்" என்றார். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். "அண்டைக்குக் கோயிலிலை உங்கடை அப்பான்ரை பேரை நான் சொல்லேல்லை."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "அந்த நேரத்திலை மறந்திருப்பீங்கள்."

"மறக்கேல்லை. வாய்வரைக்கும் வந்தது. மனுசனையும் பிள்ளையையும் தாரும் எண்டு கேக்கத்தான் போனனான். குடுக்க என்னட்டை இருந்தது நீங்கள் ஒரு ஆள். ஒண்டைக் குடுத்திட்டு ரண்டைக் கேக்கிறதோ எண்டு கூச்சமாப் போச்சு. விட்டிட்டன். அவர் கேட்டதைத் தந்தார். கேட்டதை மட்டும் தந்தார்."

நான் அடுக்கிய கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருபத்திரண்டு வருஷமாக இந்த மனுசி இதை ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். புருஷனின் உயிரைக் கேட்கக் கூச்சப்பட்டாராம், கிண்ணத்தில் போட வேறொன்றும் இருக்கவில்லை என்று. எனக்கு அம்மாவில் கோபம் இருந்தது. அன்றுவரை நிறைய இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று தேடினேன், காணவில்லை. அழுகைதான் வந்தது.

"அம்மா, அப்பா ரண்டாம் நாளே போயிட்டார். நீங்கள் நேர்ந்தது நாலாம் நாள். கேட்டிருந்தாலும்..."

"ஆண்டவருக்கு நாள் கணக்கோ தம்பி?"

ஒன்பது வருஷப் படிப்பைக் கிளறினேன். ஒன்று அகப்பட்டது. "அம்மா, நேர்த்தியை மாத்திக் குடுக்கப் பங்குச் சுவாமிக்கு அதிகாரம் இருக்கு. அதுவும் சட்டம்தான். போய்க் கேளுங்கோ."

"எதைக் கேக்கிறது? தாறன் எண்டு சொல்லி ஆண்டவரை ஒருக்கா ஏமாத்தினவள், இன்னும் ஒருக்கா ஏமாத்துறதோ?"

"ஏமாத்தினது எண்டு நினைச்சால் அதையும் சொல்லுங்கோ. முழுக்கச் சொல்லுங்கோ."

அம்மா எழும்பி, இருந்த கதிரையைத் தானே அடுக்கிவிட்டு, பாதரின் அறைப் பக்கம் நடந்தார். நான் வெளியே வேப்பமரத்தின் கீழ் நின்றேன். போன அம்மா திரும்பி வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. கண் வீங்கியிருந்தது. நடை மட்டும் வேறு நடை.

"செவ்வாய்க்கிழமையிலை பெரியாஸ்பத்திரிக்குப் போகட்டாம்" என்றார். "ஆரும் பார்க்க வராத ஆக்களோடை போய்க் கொஞ்ச நேரம் இருக்கட்டாம். அவ்வளவுதானாம். மற்றதெல்லாம் முடிஞ்சுதாம்."

"நல்லதுதானே அம்மா."

"சரியான சின்னனாக் கிடக்கு" என்றார், நம்ப முடியாதவர் போல. "இவ்வளவுதானோ எண்டு ரண்டு தரம் கேட்டன். சுவாமிக்குச் சிரிப்பு வந்திட்டுது."

வீட்டுக்கு வந்ததும் அம்மா கை கழுவக்கூட இல்லை, அண்ணனுக்குத் தொலைபேசி எடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன்.

"மோனை, ரிக்கற்றைப் போடு. எல்லாரும் வாங்கோ. கெதியா வாங்கோ."

அங்காலே அண்ணன் கத்துவதும், பிள்ளைகள் அரைத் தமிழில் ஏதோ கேட்பதும் எனக்குக் கேட்டது. அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அறிந்ததே இல்லை. அது நான் பிறக்க முன் இருந்த சிரிப்பாக இருக்க வேண்டும். மீன் என்ன வேண்டும், எந்த அறையில் படுப்பது, சின்னவனுக்கு உறைப்புச் சாப்பிடத் தெரியுமோ என்று கதை நீண்டுகொண்டே போனது.

நான் விறாந்தையில் போய் இருந்தேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம். பட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். கேட்கப்பட்ட பிள்ளை அவன். அவனுக்குக் கொடுத்த விலை நான். இன்று அந்த விலையும் வேண்டாம் என்றாகிவிட்டது. ஆறு வயதிலிருந்து யாரோ ஒருவருக்கு நான் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தேன். பாரமாக இருந்தாலும் அது ஓர் இடம். இப்போது கடவுளும் என்னைக் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. சட்டைப் பையில் மடித்து வைத்த தாளில் மூன்றாவது கட்டத்தில் ஒரு மைப்பொட்டு. எனக்கு இப்படித் தனிமை முன்பு வந்ததே இல்லை.

கோயில் மணி அடித்தது. அம்மா மெழுகுதிரி கொளுத்திவிட்டுக் கூப்பிட்டார். பாயில் பக்கத்தில் இருந்தேன். செபமாலையின் ஐந்து பத்து மணியும் சொல்லி முடித்தோம். அம்மா மன்றாட்டைத் தொடங்கினார்.

"லெனாட்டையும் பெண்சாதி பிள்ளையளையும் சுகமாக் கொண்டுவந்து சேரும் ஆண்டவரே."

எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும், என்றேன்.

"அவர் சூசைதாசன்ரை ஆத்துமத்துக்கு இளைப்பாற்றியைக் குடும். நான் கேக்காமல் விட்டதை மன்னியும்."

எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.

"ஆஸ்பத்திரியிலை ஆருமில்லாமல் கிடக்கிற ஆக்களைப் பாரும்."

எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.

அதோடு அம்மா நிறுத்தினார். என் பெயர் வரவில்லை. நான் மெழுகுதிரியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் என் பெயர் வராத முதல் மாலை. எழும்பலாமா என்று யோசித்தபோது அம்மா என் பக்கம் திரும்பினார். செபமாலை கையில் இருந்தது. முகத்தில் ஒரு தயக்கம், புதிதாகக் கண்ட ஆளிடம் ஏதோ கேட்பதுபோல.

"உனக்கு என்ன கேக்க?"

வாய் திறந்தேன். எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்த வாய். கனடா என்றாவது சொல்லலாம். அம்மா அவசரப்படவில்லை. நான் பதில் சொல்லும்வரை காத்திருக்கத் தயாராக இருந்தார்.

"தெரியேல்லை அம்மா."

அம்மா தலையாட்டினார். பாயில் கொஞ்சம் நகர்ந்து, என் முழங்காலோடு தன் முழங்கால் முட்ட இருந்தார். பிறகு ஆண்டவரின் சுரூபத்தின் பக்கம் திரும்பினார்.

"ஆண்டவரே, என்ரை ஜெரிசனுக்கு என்ன வேணும் எண்டு அவனுக்கும் தெரியேல்லை, எனக்கும் தெரியேல்லை. நான் ஒரு நாளும் கேட்டதில்லை. உமக்குத் தெரிஞ்சதை அவனுக்குக் குடும்." கொஞ்சம் நிறுத்தினார். "பதிலுக்குத் தர என்னட்டை ஒண்டும் இல்லை."

அம்மா என் பதிலுக்காக இருந்தார். எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும், என்றேன். குரல் வெளியே வரவில்லை. இரண்டாம் தரம் சொன்னேன்.